மைசூர் போறவங்க ஸ்ரீரங்கப்பட்டணத்துல அரை நாள் இறங்குங்க

கோபிசெட்டிபாளையம், சத்தியமங்கலம் பக்கம் பிறந்த பிள்ளைகளுக்கு ஸ்கூல் டூர் என்றாலே மைசூர்தான். எனக்கும் எட்டாவது படிக்கும்போது அப்படித்தான். பண்ணாரியில் இறங்கிக் கும்பிட்டு, திம்பத்தின் 27 வளைவிலும் பாதிப் பேர் வாந்தி எடுத்து, ஆசனூர், சாமராஜ்நகர், நஞ்சன்கூடு தாண்டிப் போய்ச் சேர்ந்தால் மிருகக்காட்சி சாலை, அரண்மனை, சாமுண்டி மலை, பிருந்தாவனம். மைசூருக்குப் பக்கத்திலேயே இருக்கிற, திப்பு சுல்தானின் தலைநகரான ஸ்ரீரங்கப்பட்டணம் எப்போதும் 'நேரம் இருந்தா பாக்கலாம்'தான்.

போன மாதம் அம்மிச்சியையும் (அம்மாவின் அம்மா) அக்கா மகளையும் கூட்டிக்கொண்டு ஒரு வேன் டூரில் போனேன். திப்புவின் கோடை மாளிகை தரியா தௌலத் பாகில் எங்களுக்குக் கொடுத்தது இருபது நிமிடம். அம்மிச்சி செருப்பைக் கழற்றிவிட்டுப் படியேறுவதற்குள் வெளியே ஹாரன் அடிக்கிறார்கள். எனக்கு வந்த கோபத்தில், நீங்க கிளம்புங்க, நாங்க நாளைக்கு பஸ்ஸில் வந்துக்கறோம் என்று சொல்லி மூன்று பேரும் அங்கேயே நின்றுவிட்டோம். நல்ல வேளை நின்றோம்.

வெளியிலிருந்து பார்த்தால் பெரிய அரண்மனையாகத் தெரியாது. நீளமான புல்வெளி, இரண்டு பக்கமும் மரங்கள், கடைசியில் தேக்குத் தூண்கள் வைத்த தணிவான கட்டடம். 1784இல் கட்டியது. வெயில் படாமல் இருக்கத் தாழ்வாரத்தைச் சுற்றிப் பச்சைத் திரை தொங்கவிட்டிருக்கிறார்கள். அதைத் தாண்டி உள்ளே போனால் சுவரில் விரற்கடை இடம்கூடச் சும்மா இல்லை, எல்லாம் ஓவியம். மேற்குச் சுவரில் ஒரு போர்க்களமே இருக்கிறது. நடுவில் சிவப்புச் சட்டை போட்ட கும்பினிச் (ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி) சிப்பாய்கள் சதுரம் கட்டி நிற்க, நாலா பக்கமும் மைசூர்க் குதிரைப்படை. வெடிமருந்து வண்டி வெடித்துச் சிதறுகிறது. காயம்பட்ட கும்பினித் தளபதி கர்னல் பெய்லி பல்லக்குக்குள் உட்கார்ந்து விரலைக் கடிக்கிறான். திப்புவோ ஒரு பூவை முகர்ந்தபடி வருகிறார். அக்கா மகள் அந்தப் பல்லக்கு முன்னாலிருந்து நகரவே இல்லை.

அந்தச் சண்டை நடந்தது எங்கே தெரியுமா? காஞ்சிபுரம் பக்கத்துப் புள்ளலூரில், 1780 செப்டம்பர் 10. மகேந்திரவர்ம பல்லவனும் புலிகேசியும் மோதிய அதே புள்ளலூர். திப்பு இறந்த பிறகு இந்த மாளிகையில் தங்கிய ஆங்கிலேயத் தளபதி ஆர்தர் வெல்லெஸ்லி, தன் ஆட்கள் தோற்ற இந்தப் படத்தைத் திரும்பச் சரிசெய்ய வைத்திருக்கிறான். அதுதான் எனக்கு ஆச்சரியம்.

மைசூர் அரண்மனையைக் குறை சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கிட்டத்தட்ட ஒரு லட்சம் பல்பு ஒரே நேரத்தில் எரியும்போது யாருக்கும் வாய் பிளக்கத்தான் செய்யும். ஆனால் நம்ம ஆட்கள் நிறைய பேர் அதைத் திப்பு அரண்மனை என்கிறார்கள். அது மைசூர் ராஜாக்களான உடையார்களுடையது. பழைய மர அரண்மனை 1897இல் கல்யாண வீட்டில் தீப்பிடித்து எரிந்துபோக, ஹென்றி இர்வின் வரைபடத்தில் 1912இல் கட்டி முடித்தது. திப்பு குடியிருந்த லால் மகால் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் ரங்கநாதர் கோயில் பக்கம் இருந்தது. இப்போது அஸ்திவாரம்தான் மிச்சம்.

இதெல்லாம் நமக்கு எதற்கு என்று கேட்பவர்களுக்குத்தான் இந்தப் பதிவு. 1799 மே 4ஆம் தேதி திப்பு விழும்வரை கொங்குநாடு மைசூர் ராஜ்ஜியம். 1790இல் திப்புவின் படை கஜலெட்டிக் கணவாய் வழியாக இறங்கிச் சத்தியமங்கலத்தில் கும்பினியோடு மோதியது. இப்போது கர்நாடகத்தில் இருக்கிற கொள்ளேகால் 1956 வரை நம்ம கோயமுத்தூர் ஜில்லா. மைசூர் ஆட்சியைப் பொற்காலம் என்று நான் சொல்லவில்லை. சென்னிமலைக்கும் சிவன்மலைக்கும் நடுவில் சின்னமலை பறித்தான் என்று தீரன் சின்னமலையைப் பற்றிச் சொல்கிறோமே, பறித்தது இங்கிருந்து மைசூருக்குப் போன வரிப்பணத்தை. அதே சின்னமலைதான் பிறகு திப்பு பக்கம் நின்று, திப்பு போன பிறகும் விடாமல் சண்டை போட்டு, 1805இல் சங்ககிரியில் தூக்கிலேறினார். ஆடிப் பதினெட்டுக்கு அவர் சிலைக்கு மாலை போடுகிற நாம் இந்தச் சுவர் முன்னால் அரை மணி நேரம்கூட நிற்காமல் வருவது சரியில்லை.

சாயங்காலம் ஆட்டோ பிடித்துச் சங்கமத்துக்குப் போனோம். தீவைச் சுற்றி இரண்டாகப் பிரிந்த காவேரி திரும்ப ஒன்று சேருகிற இடம். அம்மிச்சி படியில் உட்கார்ந்து, சேலையை முழங்காலுக்கு ஏற்றிக்கொண்டு தண்ணீரில் காலை விட்டது.

"ஏங்கண்ணு, இது நம்ம பவானி கூடுதுறைக்கு வர்ற தண்ணிதான?"

"ஆமாங் அம்மிச்சி. மேட்டூர் வழியா அங்கதான் வருது."

ரெண்டு கையாலும் அள்ளித் தலையில் தெளித்துக்கொண்டது. அக்கா மகளுக்கும் தெளித்தது. இருட்டுகிற வரைக்கும் அங்கேயே இருந்தோம்.

அக்கா மகள் படிக்கிற பள்ளியில் இந்த வருசமும் மைசூர் டூர் இருக்கிறது. ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு அரை நாள் ஒதுக்குங்கள், அந்தச் சுவரைப் பிள்ளைகளுக்கு விளக்கிச் சொல்ல என் செலவில் நானே கூட வருகிறேன் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். உங்க பிள்ளைகள் படிக்கிற பள்ளியிலும் கேளுங்க.