ஐந்து என்றது கணினி

ஏழாம் வகுப்புப் படிக்கும் அண்ணன் மகள் போன வாரம் கேட்டாள்: "சித்தப்பா, 'தமிழ்' என்ற சொல்லில் எத்தனை எழுத்து?" மூன்று என்றேன். "பைத்தான் ஐந்து என்கிறதே!" பைத்தான் என்பது அவள் கோடிங் வகுப்பில் கற்கும் நிரல்மொழி.

கோடிங் வகுப்பில் கேட்டதற்கு, அது பாடத்தில் இல்லை என்று சொல்லிவிட்டார்களாம். தமிழாசிரியரிடம் கேட்கலாம் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. என் ஆதங்கமெல்லாம் அதில்தான்.

கணினி எழுத்துகளைச் சேமிக்கப் பயன்படுத்தும் பொதுக் குறியீட்டு முறையான யூனிகோடில் அந்தச் சொல் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து குறிகள். மெய்யோடு உயிர் சேர்ந்தால் உயிர்மெய் என்கிறது இலக்கணம். யூனிகோடோ 'ழ'வை முதலில் வைத்து, புள்ளியிட்டு அதன் அகரத்தைப் பறிக்கிறது. (யோசித்தால் நம் கையும் அப்படித்தான் எழுதுகிறது!) இதை இலக்கண வகுப்பில் பேசாமல் வேறெங்கே பேசுவது?

வெண்பாவை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு சீரின் வகையைப் பார்த்து, அடுத்த சீர் எந்த அசையில் தொடங்க வேண்டும் என்று சொல்லும் விதிகள் அதில் உண்டு. 'மாமுன் நிரை, விளமுன் நேர், காய்முன் நேர்' என்று நாம் உருப்போட்டதெல்லாம் கணினி நிரலில் வரும் நிபந்தனைகளேதான். மாச்சீரை அடுத்து நேரசை வந்தால் வெண்டளை (வெண்பாவுக்குரிய சீர் இணைப்பு) தட்டுகிறது, அவ்வளவுதான். ஒரு குறளுக்கு அசை பிரித்துத் தளை பார்க்கும் நிரலைப் பிள்ளைகளே எழுதட்டும். குறுகி ஒலிக்கும் உகரமான குற்றியலுகரத்தில் முட்டிக்கொண்டு நிற்பார்கள். அப்போது இலக்கணப் புத்தகத்தை அவர்களே தேடி எடுப்பார்கள்.

பின்லாந்தில் 2016 முதல் நிரலாக்கத்துக்குத் தனிப் பாடம் வைக்காமல் கணிதத்திலும் கைவினையிலும் சேர்த்தே நடத்துகிறார்கள். அவ்வளவு தூரம் போகவும் வேண்டாம். சென்னை ஆய்வாளர்களான கிஃப்ட் சிரோமணியும் ராணி சிரோமணியும் கமலா கிருத்திவாசனும் சேர்ந்து, வாசலில் போடும் கோலத்தைக் கணினியியல் இலக்கணமாக ஆராய்ந்து கட்டுரை வெளியிட்டது 1974இல். நம் ஓவிய வகுப்புக்கு அந்தச் செய்தி இன்னும் வந்து சேரவில்லை.

ஆசிரியர்கள் என்மேல் கோபப்படுவார்கள், தெரியும். பள்ளி விவரங்களை இணையத்தில் ஏற்றும் எமிஸ் பதிவுகளோடு மல்லுக்கட்டுபவரிடம் போய்ப் பைத்தானும் கற்றுக்கொள்ளுங்கள் என்றால் எப்படி? அவர் கற்க வேண்டியதில்லை. மாதம் ஒரு பீரியட் கணினி ஆசிரியரும் தமிழாசிரியரும் ஒரே வகுப்பில் நின்றால் போதும். ஒருவருக்குத் தெரியாததை மற்றவர் சொல்லட்டும்.

இகரக் குறி, புள்ளி போன்றவற்றை விட்டுவிட்டு எண்ணும்படி அண்ணன் மகள் தன் நிரலைத் திருத்திவிட்டாள். இப்போது 'தமிழ்' மூன்று. அந்தச் சூட்டோடு பாட்டியின் பெயரைக் கொடுத்துப் பார்த்தாள். லக்ஷ்மி. நிரல் நான்கு என்கிறது. அவள் அம்மாவோ, "க்ஷ ஒரே எழுத்துடி, மூன்றுதான்" என்கிறாள். வீட்டில் இன்னும் தீர்ப்பு வரவில்லை.