கை தட்டினால் வார்த்தை பிரியாது

ஆங்கிலத்தில் நீளமான வார்த்தை வந்ததும் குழந்தை முதல் இரண்டு எழுத்தைப் பார்த்துவிட்டு மீதியை ஊகிக்கிறதா? "கை தட்டி அசை (சிலபிள்) பிரி" என்று சொல்லிக்கொடுப்பதை முதலில் நிறுத்துங்கள். தட்டுவதற்கு அந்த வார்த்தையின் ஒலி முன்பே தெரிந்திருக்க வேண்டும். வாசிக்கத் தெரியாத வார்த்தையை எப்படித் தட்டுவது? "பெரிய வார்த்தைக்குள் சின்ன வார்த்தையைத் தேடு" என்பதும் அப்படித்தான். ஃபாதரின் எழுத்துகளில் ஃபேட் இருக்கிறது, ஹெர் இருக்கிறது. சேர்த்துப் படித்தால் ஃபாதர் வராது.

கண் தேட வேண்டியது உயிரெழுத்தை. ஏ, ஈ, ஐ, ஓ, யூ, சில இடங்களில் ஒய். ஒவ்வொன்றின் கீழும் பென்சிலால் ஒரு புள்ளி. ஓர் அசைக்கு ஓர் உயிரொலி. எழுத்தை எண்ணக்கூடாது, ஒலியை எண்ண வேண்டும். ரெப்டைலில் மூன்று புள்ளி விழும். கடைசி ஈ ஒலிக்காது, முன்னால் உள்ள ஐ-யின் ஒலியை மட்டும் மாற்றும். ஆக அசை இரண்டு.

புள்ளிகளுக்கு நடுவே இரண்டு மெய் இருந்தால் இடையில் கோடு: சன்|செட், பிக்|னிக். எஸ்எச், சிஎச், சிகே, மதரில் வரும் டிஎச் போன்ற ஜோடிகளைப் பிரிக்காதீர்கள். பிரித்தால் மதர் 'மட்-ஹர்' ஆகும். மெய்யில் முடியும் அசை மூடியது, அதன் உயிர் குறுகி ஒலிக்கும். உயிரில் முடிவது திறந்தது, அந்த எழுத்து தன் பெயரையே சொல்லும். டின்னர், டைனர் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டுங்கள். ஒரு 'என்'தான் வித்தியாசம்.

நடுவில் ஒரே ஒரு மெய் வரும்போதுதான் உண்மையான சிக்கல். ரோபாட், ராபின்: முதல் மூன்று எழுத்தும் ஒன்றே. எந்த விதியும் இங்கே முன்கூட்டிச் சொல்லாது. முதலில் மெய்க்கு முன்னால் கோடு போட்டு 'ரோ' என்று திறந்து படிக்கட்டும். 'ரோ-பின்' என்று எதுவும் காதில் பட்ட வார்த்தையாக இல்லையென்றால், கோட்டை ஓர் எழுத்து தள்ளிப் போட்டு 'ராப்|இன்'. இந்தத் தள்ளிப் போடுதல்தான் பாடமே என்பேன். மூடியது, திறந்தது என்று ஆறு வகை அசைகளின் பெயரை மனப்பாடம் செய்ய வைக்கும் நேரத்தை இதற்குக் கொடுங்கள். குழந்தை தப்பாகப் படித்த நொடியில் விடையைச் சொல்லிவிடாதீர்கள். "கோட்டை நகர்த்து" என்பது போதும். வார்த்தை காதில் இருந்தால்தான் இந்தச் சோதனை வேலை செய்யும். அதனால் வாசித்துக் காட்டுவதையும் விடக்கூடாது.

வார்த்தை ஒரு மெய், அதன்பின் எல், ஈ என்று முடிந்தால் கடைசியிலிருந்து மூன்று எழுத்து எண்ணிக் கோடு. டைட்டிலில் மிஞ்சுவது திறந்த அசை, லிட்டிலில் மூடியது.

லெமன், பனானா போன்றவற்றில் அழுத்தம் இல்லாத உயிர் மங்கிவிடும். முதலில் முழுதாகப் படித்து, பிறகு தெரிந்த வார்த்தையோடு பொருத்தட்டும்.

ஓரசை வார்த்தையிலேயே தடுமாறும் குழந்தைக்கு இது இப்போது வேண்டாம். மற்றவர்களுக்கு ஒரு சமயத்தில் ஒரே அமைப்பு, நாளுக்கு 8 முதல் 10 வார்த்தை, 10 நிமிடம். அதில் இரண்டு 'வாப்|மிட்' மாதிரி அர்த்தமில்லாதவையாக இருக்கட்டும். ஊகம் எங்கே நடக்கிறது என்று அதில் தெரிந்துவிடும்.