அந்தக் குழுவில் சிரித்தவர்களுக்கு

ஞாயிறு இரவிலிருந்து இதை எழுதலாமா வேண்டாமா என்று தவித்துக்கொண்டிருந்தேன். என்ன நடந்தது என்பது இங்கே பலருக்கும் தெரியும். ஸ்கிரீன்ஷாட் எல்லோர் கைப்பேசிக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது. எட்டாம் வகுப்புப் பெற்றோர் குழுவில் ஒரு தாய், தன் மகனுக்காக இணையவழிக் குடும்ப ஆதரவுத் திட்டம் ஒன்றில் சேர்ந்திருப்பதாகவும், வேறு யாருக்காவது விருப்பம் இருந்தால் சேர்ந்தே செய்யலாம் என்றும் நான்கு வரி எழுதினார். அவ்வளவுதான். முதல் பதில், "பிள்ளை வளர்க்கவும் செயலி வந்துவிட்டதா?" அடுத்த பதில், "வளர்க்கத் தெரிந்தவர்களுக்கு இதெல்லாம் தேவைப்படாது." அதன் கீழே பதினான்கு சிரிக்கும் முகங்கள். எண்ணிப் பார்த்தேன். பத்து நிமிடத்தில் அவர் குழுவை விட்டு வெளியேறிவிட்டார்.

அந்தப் பதினான்கு பேரில் என்னோடு நெருங்கிப் பழகுகிறவர்களும் இருக்கிறார்கள். அதனால்தான் பொதுவில் எழுதுகிறேன்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். அந்தத் திட்டத்தில் மாணவர் நாம். பையனைத் திரைக்கு முன்னால் உட்கார வைத்து ஒழுக்கம் போதிக்கிற வகுப்பு என்று நினைத்துத்தான் பாதிப் பேர் சிரித்திருக்கிறீர்கள். அங்கே போய் உட்காருகிறவர்கள் அப்பாவும் அம்மாவும். வீட்டில் நாம் என்ன பேசுகிறோம், எப்போது கத்துகிறோம், எதைக் கண்டுகொள்ளாமல் விடுகிறோம் என்று பார்ப்பதுதான் அங்கே பாடம்.

எனக்கு எப்படித் தெரியும் என்றால், இரண்டு வருடத்துக்கு முன்னால் நானும் அங்கே உட்கார்ந்தவன். இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

என் மகன் அப்போது ஆறாம் வகுப்பு. பாதி வருடத்துக்குள் பள்ளியிலிருந்து ஐந்து முறை அழைப்பு வந்துவிட்டது. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவனின் ஜியாமெட்ரி பாக்ஸை மிதித்து உடைத்தான், ஆசிரியரை எதிர்த்துப் பேசினான், ஒரு நாள் மதியத்துக்கு மேல் வகுப்பிலேயே இல்லை. மூன்றாவது அழைப்புக்குப் பிறகு பள்ளியின் எண்ணைப் பார்த்தால் நான் எடுப்பதை நிறுத்திவிட்டேன். "அவன் அம்மாவுக்குப் பேசுங்கள்" என்று குறுஞ்செய்தி அனுப்பினேன். மாலையில் வந்து அவனிடம் கத்தினேன். அவன் திருப்பிக் கத்தினான். இதுதான் அந்த வருடம் முழுவதும் எங்கள் வீடு.

திட்டத்தில் சேர்ந்தது என் மனைவி. நான் சேர்ந்தது அவளுடைய பிடிவாதத்தால். பையன் தூங்கிய பிறகு, இரவு பத்தரைக்கு, மடிக்கணினியை மேசையில் வைத்து, ஒரே இயர்போனில் ஆளுக்கு ஒரு காதாக மாட்டிக்கொண்டு உட்கார்ந்தோம். முதலில் ஒரு நீண்ட கேள்வித்தாள். அதில் ஒரு கேள்வி: கடந்த ஏழு நாட்களில், உங்கள் பிள்ளை செய்த நல்ல காரியம் ஒன்றை அவனிடமே எத்தனை முறை சொன்னீர்கள்? எனக்கு உரிய பதில் பூஜ்ஜியம். அந்த வட்டத்தைத் தொடுவதற்கு எனக்கு ஒரு நிமிடத்துக்கு மேல் ஆனது. என் மனைவி திரையைப் பார்த்தபடியே இருந்தாள், என் பக்கம் திரும்பவில்லை. அவள் திரும்பியிருந்தால் நான் எழுந்து போயிருப்பேன்.

அதற்குப் பிறகுதான் ஜெரால்டு பேட்டர்சன் என்ற அமெரிக்க உளவியலாளரைப் பற்றிப் படித்தேன். ஓரிகன் மாநிலத்தில் அவரும் அவருடைய குழுவினரும் குடும்பங்களின் வீட்டுக்கே போய் உட்கார்ந்து, யார் என்ன சொன்னார்கள், அடுத்த நொடி என்ன நடந்தது என்று குறித்தார்கள். 1982-இல் அவர் விளக்கமாக எழுதிய சுழற்சியைப் படித்தபோது, யாரோ எங்கள் வீட்டு மூலையில் நின்று எழுதியது போல இருந்தது. விளையாட்டை நிறுத்து என்கிறேன். அவன் முறைக்கிறான். நான் குரலை உயர்த்துகிறேன். அவன் அதற்கு மேல் உயர்த்துகிறான். "என்னவோ செய்து தொலை" என்று நான் நகர்கிறேன். சத்தம் அடங்குகிறது. அந்த அமைதிதான் இருவருக்கும் கூலி. கத்தினால் அப்பா போய்விடுவார் என்று அவன் கற்றுக்கொள்கிறான். விட்டுவிட்டால் நிம்மதி என்று நான் கற்றுக்கொள்கிறேன். மறுநாள் இருவரும் நேற்று நிறுத்திய சுருதியிலிருந்து தொடங்குகிறோம். இதில் அவனை மட்டும் எந்த வகுப்புக்கு அனுப்பி என்ன பயன்? பாதிப் பாட்டை நான்தானே பாடிக்கொண்டிருந்தேன்?

எங்களுக்குப் பயிற்சியாளராக ஒரு பெண் வாரத்துக்கு ஒருமுறை தொலைபேசியில் பேசுவார். முதல் வாரம் அவர் ஒரே ஒரு வேலைதான் கொடுத்தார். அடுத்த அறையிலிருந்து எதையும் சொல்லக் கூடாது. பக்கத்தில் போக வேண்டும், பெயர் சொல்ல வேண்டும், ஒரே ஒரு காரியத்தை ஒரே ஒரு முறை சொல்ல வேண்டும், பிறகு ஐந்து எண்ணும்வரை வாயைத் திறக்கக் கூடாது.

நடைபாதையில் தினமும் கிடக்கும் பள்ளிப் பையை எடுத்துக்கொண்டோம். போனேன். பெயர் சொன்னேன். "பையை எடுத்து அறையில் வை." நின்றேன். ஒன்று, இரண்டு, மூன்று. அவன் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான்கு. என் தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. ஐந்தில் அவன் குனிந்து, ஒரு பக்கப் பட்டையை மட்டும் பிடித்து, தரையில் உராய இழுத்துக்கொண்டு போனான். "நன்றி" என்றேன். அவன் திரும்பி, "என்ன?" என்றான். முகத்தில் அப்படி ஒரு சந்தேகம். பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு அப்பா நன்றி சொன்னால் ஏன் என்று புரியவில்லை. அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

இதைத்தான் அந்தத் தாய் கற்றுக்கொள்ளப் போனார். இதைப் பார்த்துத்தான் சிரித்தீர்கள்.

சரி, நீங்கள் என்ன சொல்வீர்கள் என்று தெரியும். கைப்பேசிதான் பிள்ளைகளைக் கெடுக்கிறது, அதே கைப்பேசியில் தீர்வா என்று கேட்பீர்கள். பள்ளி ஆலோசகரின் அறைக்கு வெளியே ஒரு பெஞ்சு இருக்கும், அதில் ஒருமுறை உட்கார்ந்து பாருங்கள். போகிற வருகிற ஆசிரியர் எல்லோரும் பார்ப்பார்கள். பிள்ளையின் வகுப்புத் தோழர்கள் பார்ப்பார்கள். "ஓ, அவன் அப்பாவா?" என்று ஒரு பார்வை. அந்தப் பெஞ்சில் உட்கார எனக்கு இரண்டு தடவை நேரம் கொடுத்தார்கள், இரண்டு தடவையும் வேலை இருக்கிறது என்று பொய் சொன்னேன். இரவு பத்தரைக்கு என் வீட்டு மேசையில் உட்கார எனக்குப் பொய் தேவைப்படவில்லை. வேலை முடிந்து வருகிறவர்களுக்கும், தனியாகப் பிள்ளை வளர்க்கிறவர்களுக்கும், பள்ளி வாசலை மிதிக்கவே கூசுகிறவர்களுக்கும் அது எவ்வளவு பெரிய வாசல் என்று, அந்தக் கூச்சம் இல்லாதவர்களுக்குப் புரியாது. ஞாயிற்றுக்கிழமை நீங்கள் செய்தது, வீட்டுக்குள் இருந்த அந்த மேசையையும் இழுத்துப் பள்ளிப் பெஞ்சுக்குப் பக்கத்தில் போட்டதுதான்.

"எங்களையெல்லாம் நான்கு அடி அடித்து வளர்த்தார்கள், நாங்கள் நன்றாகத்தானே இருக்கிறோம்?" இதையும் குழுவில் ஒருவர் எழுதினார். என்னையும் அடித்துத்தான் வளர்த்தார்கள். மர அளவுகோல். அதில் நான் ஒழுக்கம் கற்கவில்லை, ஒளிக்கக் கற்றேன். வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தத்திலேயே அப்பா என்ன மனநிலையில் வருகிறார் என்று சொல்லிவிடுவேன். ஏழாம் வகுப்பில் மூன்று மதிப்பெண் அட்டைகளில் நானே அவர் கையெழுத்தைப் போட்டேன். சாகும்வரை அவருக்கு அது தெரியாது. நல்ல மனிதர். எனக்கு என்ன நடக்கிறது என்பது மட்டும் அவருக்குத் தெரியாமலே போய்விட்டது. நன்றாகத்தான் இருக்கிறேன் என்று சொல்கிறவர்களிடம் இதைத்தான் கேட்கிறேன்: உங்கள் பன்னிரண்டாவது வயதில் நடந்தவற்றில் எத்தனையை உங்கள் அப்பாவிடம் சொன்னீர்கள்?

ஸ்வீடனில் ஹாக்கன் ஸ்டாட்டின், மார்கரெட் கெர் என்ற இரு ஆய்வாளர்கள் 2000-ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. வளரிளம் பிள்ளைகளைப் பற்றிப் பெற்றோருக்குத் தெரிந்திருப்பதில் பெரும்பகுதி, பிள்ளைகள் தாமாக வந்து சொன்னது. துருவிக் கேட்டும் கட்டுப்படுத்தியும் கிடைத்தது அதைவிடக் குறைவு. தாமாக வந்து சொல்கிற பிள்ளை வேண்டுமென்றால், சொல்வதற்கு அஞ்சாத வீடு வேண்டும். அளவுகோல் அதைக் கொடுக்காது.

இன்னொருவர், "இப்படிப்பட்ட பையன்களையெல்லாம் ஒன்றாகச் சேர்த்து ஏதாவது கண்டிப்பான முகாமுக்கு அனுப்ப வேண்டும்" என்று எழுதினார். அதையும் செய்து பார்த்திருக்கிறார்கள். தாமஸ் டிஷியன் என்ற அமெரிக்க உளவியலாளர் 1999-இல் இரண்டு சக ஆய்வாளர்களோடு எழுதிய கட்டுரை அதைப் பற்றியதுதான். நல்லெண்ணத்தோடு தொல்லை தரும் பிள்ளைகளை ஒன்றாகச் சேர்த்து நடத்திய குழுக்களில், சில பிள்ளைகளின் நடத்தை இன்னும் மோசமாகியது. ஒருவனின் அத்துமீறலுக்கு மற்றவன் சிரித்துக் கொடுக்கும் சிரிப்பே பரிசாகிவிடுகிறது. இதே டிஷியன் உருவாக்கியதுதான் குடும்பத்தை மையமாக வைத்த 'ஃபேமிலி செக்-அப்' என்ற முறை. பிள்ளைகளை ஒரே கூடாரத்தில் அடைப்பதை விட்டு, அவரவர் வீட்டுக்குள் போனார்கள்.

ஒரு தந்தை எனக்குத் தனியாக எழுதினார். அந்தத் தாயின் மகன் தள்ளிவிட்டதில் அவருடைய மகளுக்கு முட்டியில் தையல் போட்டிருக்கிறார்கள். அவர் மீது எனக்குக் கோபம் இல்லை. அவர் சிரிக்கவும் இல்லை. வகுப்பில் அந்தப் பெண்ணைப் பாதுகாப்பது பள்ளியின் கடமை, அதை எந்த இணையத் திட்டமும் ஏற்றுக்கொள்ள முடியாது. இதற்கு மேல் அவருக்குச் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை.

ஆனால் பள்ளியைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது. அந்தத் தாய்க்கு இந்தத் திட்டத்தின் இணைப்பை அனுப்பியதே பள்ளிதான் என்று எனக்குத் தெரியும். ஒரே ஒரு வரி மின்னஞ்சல், கீழே இணைப்பு. அதற்குப் பிறகு ஒரு தொலைபேசி அழைப்பு உண்டா? சேர்ந்தீர்களா, எப்படிப் போகிறது என்று ஒரு கேள்வி உண்டா? இல்லை. தனியாக இருந்ததால்தானே அவர் குழுவில் வந்து துணைக்கு ஆள் கேட்டார்!

'ஃபேமிலி செக்-அப்' முறையின் இணைய வடிவத்தை எலிசபெத் ஸ்டோர்ம்ஷாக் என்ற அமெரிக்க ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் நடுநிலைப்பள்ளிப் பிள்ளைகளின் குடும்பங்களிடம் சோதித்து 2019-இல் வெளியிட்டார்கள். 322 பேர். ஒரு பிரிவினருக்கு இணையத் திட்டம் மட்டும், இன்னொரு பிரிவினருக்கு அதோடு தொலைபேசியில் பேச ஒரு பயிற்சியாளர், மூன்றாவது பிரிவினர் அப்போதைக்குத் திட்டம் கிடைக்காமல் காத்திருப்புப் பட்டியலில். காத்திருந்தவர்களோடு ஒப்பிட்டபோது, பயிற்சியாளர் இருந்த பிரிவில் பிள்ளைகளின் மனவுணர்வுச் சிக்கல்கள் குறைந்தன, பெற்றோரின் தன்னம்பிக்கை கூடியது. அதைப் பெரிதாக்கிச் சொல்ல மாட்டேன், எல்லாப் பிள்ளையும் மாறிவிடும் என்று யாரும் வாக்குக் கொடுக்கவில்லை. என் மகனும் கோபக்காரன்தான் இப்போதும். ஆனால் மறுமுனையில் ஒரு மனிதக் குரல் இருப்பது எவ்வளவு முக்கியம் என்று இதற்கு மேல் எப்படிச் சொல்வது? மூன்றாவது வாரம் நான் விட்டுவிடப் பார்த்தேன். அன்று அந்தப் பயிற்சியாளர் அழைத்து, "இந்த வாரம் எது கஷ்டமாக இருந்தது?" என்று கேட்காமல் இருந்திருந்தால் விட்டிருப்பேன். ஏன் செய்யவில்லை என்று அவர் கேட்கவில்லை. எது கஷ்டம் என்று கேட்டார். பதினொரு வயதிலிருந்து பதினான்கு வயதுவரை, பிள்ளை நம்மை விட்டு நகர்கிற அந்த மூன்று வருடத்தில், எத்தனை பேர் நம்மிடம் அப்படிக் கேட்டிருக்கிறார்கள்?

பள்ளி கேட்கவில்லை. நாமாவது கேட்டிருக்கலாம். இருநூறு பேர் இருக்கிற குழு அது. ஒருவர் கூட "எந்தத் திட்டம், விவரம் சொல்லுங்கள்" என்று எழுதவில்லை. நானும் எழுதவில்லை. சிரிக்கவில்லை, ஆனால் படித்துவிட்டு மௌனமாக இருந்தேன். நானும் அதில் உட்கார்ந்தவன் என்ற ஒரே ஒரு வரியை நான் அன்றைக்கே எழுதியிருந்தால் அவர் வெளியேறியிருக்க மாட்டார் என்று மூன்று நாளாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். எழுத வேண்டிய இடத்தில் எழுதாமல், அவர் பார்ப்பாரா என்றே தெரியாத இடத்தில் இப்போது இத்தனை வரி எழுதுகிறேன்.

என் மகனிடம் கேட்டுவிட்டுத்தான் இதைப் போடுகிறேன். முழுவதையும் படித்தான். "பையை இழுத்துக்கொண்டு போனேனா? எனக்கு ஞாபகமே இல்லை" என்றான். பிறகு, "போடுங்கள்" என்றான்.

அந்த ஸ்கிரீன்ஷாட்டை இன்னும் வைத்திருப்பவர்கள் அழித்துவிடுங்கள். வேறு குழுக்களுக்கு அனுப்பியவர்கள் அங்கேயும் போய் நீக்கச் சொல்லுங்கள். அதில் அந்தப் பையனின் பெயர் இருக்கிறது. அவன் நாளைக் காலையும் உங்கள் பிள்ளைகளோடு அதே வகுப்பில்தான் உட்காரப் போகிறான்.