காட்மியம்: ரத்தம் நார்மல் என்றால் போதாது

"சேலம் செவ்வாய்ப்பேட்டைக் கொலுசுப் பட்டறைக்காரர்கள் ஒருமுறை ரத்தம் பார்த்து நார்மல் என்று வந்தால் பயமில்லை, மீதியைக் கொத்தமல்லிச் சாறு வெளியேற்றிவிடும்" என்று, காட்மியம் என்ற நச்சு உலோகத்தைப் பற்றிய உங்கள் பதிவில் எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து திருத்துங்கள், இதை நம்பிப் பலர் சும்மா இருந்துவிடுவார்கள்.

ரத்தக் காட்மியம் பெரும்பாலும் கடந்த சில மாதக் கணக்கைத்தான் காட்டும். காட்மியம் கலந்த பற்றாசை (உலோகத் துண்டுகளை உருக்கி ஒட்டும் கலவை) பல வருடம் ஊதி ஒட்டியவருக்குக் காட்மியம் சிறுநீரகத்தில் தங்கியிருக்கும். பாதி குறையவே 10 முதல் 30 வருடம். அதற்குச் சிறுநீர்க் காட்மியம் பார்க்க வேண்டும், ஒரு கிராம் கிரியேட்டினினுக்கு (சிறுநீரகம் வெளியேற்றும் கழிவுப்பொருள்) எத்தனை மைக்ரோகிராம் என்று. அமெரிக்கத் தொழிலிட விதியில் 3-ஐத் தாண்டினாலே கண்காணிப்பு கூடுகிறது. பட்டறைக்குள் மாதிரி எடுக்காதீர்கள்; கைத்தூசி விழுந்தாலே அளவு பொய்யாக ஏறும். கை கழுவி, உலோகம் கலக்காத டப்பாவில் பிடியுங்கள்.

கூடவே சிறுநீரில் பீட்டா-2 மைக்ரோகுளோபுலின் என்ற புரதத்தையும் பாருங்கள். சிறுநீரகம் கெடும்போது முதலில் கசியும் சிறு புரதங்களில் இது ஒன்று, சிறுநீரில் நனைத்துப் பார்க்கும் சாதாரண ஸ்டிரிப்பில் தெரியாது. அமிலச் சிறுநீரில் சிதைந்து பொய்யாகக் குறைவாகவும் காட்டும், ஆகவே பிஎச் (அமிலத்தன்மை அளவு) பார்க்கச் சொல்லுங்கள். ரத்தக் கிரியேட்டினின் ஏறும்போது சேதம் முற்றியிருக்கும்.

சிறுநீரகத்தில் படிந்ததைக் கொத்தமல்லி எடுக்காது. நாள்பட்ட பாதிப்புக்குக் கீலேஷன் ஊசியும் (உலோகத்தைப் பிடித்து வெளியேற்றும் மருந்து) பயன் நிரூபிக்கப்படாதது, சிறுநீரகத்தை மேலும் கெடுக்கலாம். காட்மியம் இல்லாத பற்றாசு, புகையை வெளியே இழுக்கும் விசிறி, பீடி சிகரெட்டை விடுவது (புகையிலையிலும் காட்மியம் உண்டு), இரும்புச்சத்துக் குறைவால் ரத்தசோகை இருந்தால் இரும்புச்சத்து: செய்ய வேண்டியவை இவைதான்.