நூற்றில் ஏழு பங்கு

(அடுக்ககத்தின் முற்றம். தோட்டப் பணியாளர் தங்கராசு ப்ளோயரால் சருகு தள்ளிக்கொண்டிருக்கிறார். ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர் ஐயாசாமி, வேட்டியெங்கும் புங்கஞ்சருகுடன் வெளியே வருகிறார்.)

ஐயாசாமி: தங்கராசு, குழலைச் செங்குத்தாகப் பிடித்து ஊதினால், காற்று தரையில் மோதி எல்லாப் பக்கமும் சமமாகத்தான் பரவும், அதில் ஒரு பக்கம் என் வீட்டு வாசல்.

தங்கராசு: எல்லாருக்கும் சமமாகப் பங்கிட வேண்டும் என்று சங்கக் கூட்டத்தில் பேசியவரே நீங்கள்தானே, ஐயா!

ஐயாசாமி: அது தண்ணீர் விடுவதற்காகச் சொன்னது. குழலைச் சாயுங்கள். உங்களுடையது தட்டை வாய்க் குழல் என்பதால் கணக்கு எளிது: உராய்வை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், தரையோடு 60 பாகைக் கோணத்தில் நூற்றில் 75 பங்கு காற்று முன்னாலும் 25 பங்கு பின்னாலும் ஓடும், 30 பாகைக்குச் சாய்த்தாலோ 93 பங்கு முன்னால் போய்விடும். தரை காற்றை மேல்நோக்கித் தள்ளுமே தவிர, அதன் முன்னோக்கிய உந்தத்தைப் பறிக்காது.

தங்கராசு: அப்படியானால் 10 பாகைக்கே படுக்கவைத்துவிடுகிறேன்.

ஐயாசாமி: வேண்டாம். குழல் இருக்கும் உயரத்தைப்போல் கிட்டத்தட்ட ஆறு மடங்கு தூரம் ஓடிய பிறகே காற்று தரையைத் தொடும். அதற்குள் வழியில் சும்மா நிற்கும் காற்றையெல்லாம் சேர்த்து இழுத்துக்கொண்டு தளர்ந்துவிடும்.

தங்கராசு: கண்டவரையெல்லாம் கல்யாணத்துக்குக் கூட்டிக்கொண்டு கிளம்பியவர், பந்தி முடிந்த பிறகு வந்து சேர்வதைப்போல. சரி, எவ்வளவு ஊதியும் இந்த ஒரு சருகு மட்டும் அசையவில்லையே?

ஐயாசாமி: காற்று பிரியும் இடத்தில் வேகம் பூச்சியம், அழுத்தம் உச்சம், ஆகவே அது அமுங்கிக் கிடக்கிறது. சாய்த்துப் பிடிக்கும்போது அந்த இடம் குழலின் நேர்க்கோட்டில் இராமல், சற்றே உங்கள் காலடிப் பக்கம் தள்ளியிருக்கும். (குரலை உயர்த்தி) இப்படித்தான், விழுந்த மரங்கள் ஒரு புள்ளியிலிருந்து நாற்புறமும் விசிறிக் கிடந்ததைப் பார்த்துத்தான், மேகத்திலிருந்து காற்று கொத்தாக இறங்கி மோதியிருக்கிறது என்று 1970களில் வானிலை ஆய்வாளர் ஃபுஜிட்டா கண்டறிந்தார்!

தங்கராசு: அவர் வேட்டியிலும் சருகு விழுந்ததா, ஐயா?

(ஐயாசாமி பதில் சொல்லவில்லை. தங்கராசு அவர் வாசலுக்கு முதுகைக் காட்டி நின்று, குழலை 30 பாகைக்குச் சாய்த்து ஊதுகிறார். சருகெல்லாம் எதிர்வீட்டை நோக்கிப் பறக்கிறது.)

தங்கராசு: ஏழு பங்கு உங்களுக்கு வந்திருக்கும். மீதி 93 செயலாளர் வீட்டுக்குள் போய்விட்டது; இந்தக் கணக்கை அவரிடம் நீங்களே விளக்கிவிடுங்கள், ஐயா. அதோ, கதவைத் திறக்கிறார்.