தாத்தா கடைசி வரை நம்பிய கதை

மணியம்மையைத் திருமணம் செய்வது பற்றிப் பெரியாருக்கு ராஜாஜி எழுதிய 1949 கடிதம் குறித்த கட்டுரையைப் படித்ததும் தாத்தா ஞாபகம்தான் வந்தது. கறுப்புச் சட்டைக்காரர். 'அந்தக் கல்யாணத்துக்கு யோசனை சொன்னதே ஆச்சாரியார்தான் (ராஜாஜியை அப்படித்தான் சொல்வார்), கழகத்தை உடைக்கத்தான்' என்று திண்ணையில் உட்கார்ந்து சத்தியம் பண்ணுவார். ஊரே அப்படித்தான் நம்பியது. அந்த மே மாதம் பெரியார் திருவண்ணாமலையில் கவர்னர் ஜெனரலாக இருந்த ராஜாஜியைத் தனியே சந்தித்தார், ஜூலையில் மணியம்மையைத் திருமணம் செய்தார், செப்டம்பரில் திராவிடர் கழகம் உடைந்து தி.மு.க. பிறந்தது. முடிச்சுப் போட இது போதாதா?

கடிதத்தில் இருப்பதோ நேர்மாறு. வயதைச் சொல்லி, வேண்டாம் என்று தடுக்கிறார் ராஜாஜி.

எனக்குப் பெரிதாகப் படுவது கடிதத்தை விட அது பெட்டிக்குள் கிடந்த காலம். எடுத்துக் காட்டியிருந்தால் ராஜாஜி மேல் விழுந்த பழி ஒரே நாளில் போயிருக்கும். அந்தரங்கமாக எழுதியதை வெளியே விடக்கூடாது என்று பெரியார் சாகும்வரை மூச்சு விடவில்லை. ராஜாஜியும் வாய் திறக்கவில்லை. இதற்கு நடுவில் 1953-ல் ராஜாஜியின் குலக்கல்வித் திட்டத்துக்குப் பெரியாரின் எதிர்ப்பு வேறு, மேடைக்கு மேடை அனல்!

கட்டுரையாளர் விட்ட ஒன்று: இருவரும் பழகியது ராஜாஜி சேலத்திலும் பெரியார் ஈரோட்டிலும் நகராட்சித் தலைவராக இருந்தபோது. 1972 டிசம்பரில் ராஜாஜியின் தகனத்துக்குச் சக்கர நாற்காலியில் வந்த தொண்ணூற்று மூன்று வயதுக்காரர் குலுங்கிக் குலுங்கி அழுதார். தாத்தா அந்தப் படத்தைப் பத்திரிகையில் பார்த்துவிட்டு ரொம்ப நேரம் பேசவே இல்லையாம், பாட்டி சொல்வாள்.