கிருபைக்குள் வந்தவனுக்குக் கட்டளை இல்லையா?

பாறசாலைக்கும் களியக்காவிளைக்கும் நடுவே எங்கள் பக்கத்தில் மழை ஓய்ந்தால் போதும், கன்வென்ஷன் என்ற நற்செய்திக் கூட்டங்களுக்குப் பந்தல்கள் எழும்பிவிடும். ஒரு மேடையில் தமிழ், அடுத்ததில் மலையாளம், சிலதில் இரண்டும் கலந்து. கொஞ்ச காலமாக எங்கே போய் உட்கார்ந்தாலும் ஒரே செய்திதான். "நாம் நியாயப்பிரமாணத்துக்குக் கீழ்ப்பட்டவர்கள் இல்லை, கிருபைக்குக் கீழ்ப்பட்டவர்கள். இனிமேல் கட்டளை என்று சொல்லி யாரும் உங்களைப் பயமுறுத்த முடியாது." நியாயப்பிரமாணம் என்றால் மோசே மூலமாகத் தேவன் கொடுத்த சட்டம்; கிருபை என்றால் தகுதி பாராமல் அவர் தருகிற தயவு. எங்கள் சபை வாலிபர் கூட்டத்தில் ஒரு தம்பி என்னிடம் நேராகவே கேட்டான்: "அண்ணே, பத்துக் கட்டளை யூதருக்கு உள்ளதுதானே, நமக்கு எதுக்கு?" அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கே விரித்து எழுதுகிறேன். நீளமான பதிவு, பொறுமையாக வாசியுங்கள்.

முதலில் சந்தேகமில்லாத ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கட்டளையைக் கைக்கொண்டு யாரும் இரட்சிப்பைச் சம்பாதிக்க முடியாது. கலாத்தியர் நிருபத்தை எழுதிய பவுலுக்கு எதிராகப் பேச எனக்கு ஆசையும் இல்லை, தைரியமும் இல்லை. விருத்தசேதனம் (நுனித்தோலை நீக்கும் யூதச் சடங்கு) செய்தால்தான் ஆச்சு என்று சொன்னவர்களிடம் "கிருபையினின்று விழுந்தீர்கள்" என்று அவர் எழுதியது அப்படியே உண்மை. சிலுவையோடு நம்முடைய புண்ணியக் கணக்கையும் சேர்க்கப் பார்க்கிறவன் சிலுவையை அவமதிக்கிறான்.

ஆனால் அதே பவுல் ரோமர் 6ஆம் அதிகாரத்தில் "கிருபைக்குக் கீழ்ப்பட்டிருக்கிறீர்கள்" என்று எழுதின கையோடு, அடுத்த வசனத்திலேயே "பாவஞ்செய்யலாமா? கூடாதே" என்கிறார். பந்தல்களில் 14ஆம் வசனத்தோடு வாசிப்பு நின்றுவிடுகிறது. 3ஆம் அதிகாரத்தின் கடைசி வசனமும் அப்படித்தான் விடுபட்டுப் போகிறது. விசுவாசத்தினாலே நியாயப்பிரமாணத்தை அவமாக்குகிறோமா என்று கேட்டு, இல்லை, நிலைநிறுத்துகிறோம் என்று அவரே பதில் சொல்கிறாரே!

யாத்திராகமம் 20ஐ எடுத்து வாசியுங்கள். முதல் கட்டளைக்கு முன்னால் ஒரு வசனம் இருக்கிறது. "உன்னை அடிமைத்தன வீடாகிய எகிப்துதேசத்திலிருந்து புறப்படப்பண்ணின உன் தேவனாகிய கர்த்தர் நானே." எகிப்தில் செங்கல் அறுத்துக்கொண்டிருந்தவர்களிடம் தேவன் பத்துக் கட்டளையை நீட்டி, இதில் தேறினால் விடுதலை என்று சொல்லவில்லை. முதலில் விடுவித்தார், கடலைக் கடக்கவைத்தார், மன்னாவும் கொடுத்தார். அதற்குப் பிறகுதான் சீனாய் மலை. பழைய ஏற்பாடு முழுக்கச் சட்டம், புதிய ஏற்பாடு முழுக்கக் கிருபை என்று பிரிக்கிறவர்கள் இந்த வரிசையைக் கவனிப்பதில்லை. கிருபை அங்கேயும் முந்தித்தான் வந்தது. விடுதலையான ஜனம் இனி எப்படி வாழ வேண்டும் என்பதற்குத்தான் கட்டளை.

ஓய்வுநாள் கட்டளையை உபாகமம் 5 எப்படிச் சொல்கிறது தெரியுமா? உன் வேலைக்காரனும் வேலைக்காரியும் உன்னைப்போல இளைப்பாற வேண்டும், நீயும் எகிப்தில் அடிமையாயிருந்தாய் என்பதை நினை என்கிறது. இதை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு நம்முடைய திருவிதாங்கூர் நினைவுக்கு வரும். இதே மண்ணில் மனிதரை நிலத்தோடு சேர்த்து விற்றார்கள், அடமானம் வைத்தார்கள். கூலியில்லாத ஊழிய வேலைக்கு ஏழைகளைப் பிடித்துக்கொண்டு போனார்கள். ஞாயிற்றுக்கிழமையாவது கிறிஸ்தவர்களை அந்த வேலைக்கு இழுக்காதீர்கள் என்று மிஷனெரிமார் சர்க்காரிடம் வாதாடினார்கள். அடிமைமுறையை ஒழிக்கச் சொல்லி 1847இல் மகாராஜாவுக்கு மனு கொடுத்தார்கள், 1855இல் விடுதலை விளம்பரம் வந்தது. அடிமை வைத்திருந்தவர்களில் கிறிஸ்தவர்களும் உண்டு என்பதை மறைக்க வேண்டாம். அவர்களும் ஞாயிறுதோறும் கிருபையைப் பற்றிக் கேட்டவர்கள்தான். அந்த வயலில் நின்ற அடிமைக்கு "கட்டளை இப்போது செல்லாது" என்ற பிரசங்கம் நற்செய்தியாக இருந்திருக்குமா? உன் வேலைக்காரனும் இளைப்பாறட்டும் என்ற கட்டளைதான் அவனுக்கு நற்செய்தி.

சரி, அப்படியானால் பன்றி தின்னலாமா, கணவாயும் கொஞ்சும் (இறால்) தின்னலாமா என்று உடனே கேட்பார்கள். மரச்சீனியும் மீன்கறியும் இல்லாமல் ஒரு நாள் போகாத ஊர் இது, கேள்வி நியாயமானதுதான். லேவியராகமம் 11இன்படி பன்றி ஆகாது, தண்ணீரில் வாழ்கிறவற்றில் சிறகும் செதிலும் இல்லாத எதையும் தின்னக்கூடாது. அப்போஸ்தலர் 15இல் எருசலேமில் கூடின சபை, புறஜாதியாரிலிருந்து, அதாவது யூதரல்லாதவரிலிருந்து, வந்தவர்கள்மேல் மோசேயின் முழு நியாயப்பிரமாணத்தையும் சுமத்த வேண்டாம் என்று தீர்த்தது. போஜனத்தையும் பண்டிகையையும் ஓய்வுநாட்களையும் குறித்து ஒருவனும் உங்களைக் குற்றப்படுத்த வேண்டாம் என்று கொலோசெயர் 2 சொல்கிறது. பலிகள் கிறிஸ்துவில் நிறைவேறி முடிந்தன, எபிரெயர் நிருபம் அதைத்தான் விளக்குகிறது. ஆகவே சனிக்கிழமை ஆசரிக்காதவனுக்கு மோட்சம் இல்லை என்று வீடுவீடாக வந்து சொல்கிறவர்களோடும் எனக்கு உடன்பாடு இல்லை.

ஆனால் இதை வைத்து எல்லாம் போச்சு என்று சொல்ல முடியாது. 1 கொரிந்தியர் 7:19ஐப் பாருங்கள். விருத்தசேதனமும் ஒன்றுமில்லை, விருத்தசேதனமில்லாமையும் ஒன்றுமில்லை, "தேவனுடைய கற்பனைகளைக் கைக்கொள்ளுகிறதே காரியம்." விருத்தசேதனமே ஒரு கட்டளைதானே! அதை ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு, அதே மூச்சில் கட்டளையைக் கைக்கொள்வதே காரியம் என்கிறார் என்றால், பவுலின் மனதில் வேறுபாடு தெளிவாக இருந்தது. எது நிற்கும் என்பதை ரோமர் 13இல் பெயர் சொல்லியே எழுதுகிறார். விபசாரம், கொலை, களவு, இச்சை. பிறனிடத்தில் அன்புகூருகிறவன் இவற்றைச் செய்யமாட்டான், ஆகையால் அன்பே நியாயப்பிரமாணத்தின் நிறைவேறுதல். அன்பு வந்துவிட்டது, இனிக் களவுக்குத் தடையில்லை என்று அதை வாசிக்க எந்த மொழியிலும் வழி இல்லை.

கிருபையினால் மட்டுமே என்று ஐரோப்பாவையே அசைத்த லுத்தர் 1529இல் வீட்டுப் பிள்ளைகளுக்காக எழுதிய சிறிய ஞானோபதேசத்தின் (விசுவாசத்தைக் கேள்வி பதிலாகக் கற்பிக்கும் புத்தகம்) முதல் பகுதி எது? பத்துக் கட்டளைகள். நியாயப்பிரமாணம் விசுவாசிக்கு வேண்டாம் என்று அவருடைய நண்பர் அக்ரிகோலா போதிக்க ஆரம்பித்தபோது, லுத்தரே அவருக்கு எதிராக எழுந்தார். தரங்கம்பாடியில் 1706இல் இறங்கிய மிஷனெரி சீகன்பால்கு அந்த ஞானோபதேசத்தைத் தமிழுக்குக் கொண்டுவந்தார். தமிழ்ச் சீர்திருத்தச் சபைகள் தவழ்ந்த வயதிலேயே கட்டளையும் கிருபையும் ஒரே புத்தகத்தில் இருந்தன.

எனக்கு மனம் நோகிற இடம் இனிமேல்தான். கட்டளை தேவையில்லை என்ற பிரசங்கம் கேட்டு நாம் எந்தக் கட்டளையை விடுகிறோம்? நகை போடாதே, சினிமா பார்க்காதே, வெள்ளை உடுத்து என்று மனிதர் போட்டவை பல சபைகளில் கெட்டியாகவே இருக்கின்றன. காசு விஷயத்தில் உள்ள கட்டளைகள்தான் முதலில் காணாமல் போகின்றன.

எங்கள் பக்கம் முழுக்க ரப்பர். பால் வெட்டி முடிந்து சிரட்டையிலும் வெட்டுப்பட்டையிலும் உறைந்து கிடப்பதைப் பிடுங்கிச் சாக்கில் கட்டி ஒட்டுப்பாலாக விற்பார்கள். கணவனை இழந்த ஒரு அக்கா, கொஞ்சம் மரம் குத்தகைக்கு எடுத்து வெட்டுகிறவர், சாக்கைத் தலையில் சுமந்து கடைக்குக் கொண்டுவந்தார். கடைக்காரர் சாக்கை அவிழ்க்கவில்லை. பட்டை, மண், ஈரம் என்று ஒரு கழிவு, அதற்குமேல் சாக்குக்கு ஒரு கழிவு, கிலோவுக்குக் கீழே உள்ள கிராம் கணக்கில் வராது. அக்கா வாய் திறக்கவில்லை, வேறு கடைக்குச் சுமக்கத் தெம்பு வேண்டுமே. அந்தக் கடைக்காரர் ஜெபக்கூட்டத்தில் முன்வரிசையில் இருந்து கிருபையைப் பற்றி உருகிச் சாட்சி சொல்கிறவர். அவருடைய கண்ணீர் பொய் என்று நான் சொல்லமாட்டேன். சுமுத்திரையான (சரியான) தராசு உங்களுக்கு இருக்கவேண்டும் என்று லேவியராகமம் 19இல் உள்ள வசனத்தை அவருக்கு யாரும் பிரசங்கித்ததில்லை. அதுதான் குற்றம், அந்தக் குற்றத்தில் மேடையில் நிற்கிறவர்களுக்குப் பெரிய பங்கு உண்டு.

அதே அதிகாரம் கூலிக்காரன் கூலி விடியும்வரை உன்னிடத்தில் இருக்கக்கூடாது என்கிறது. உன் தேசத்தில் தங்கும் அந்நியனைச் சுதேசிபோல நேசி என்கிறது. வடக்கேயிருந்து வந்து நம்முடைய வீடுகளுக்குக் கல் சுமக்கிற பையன்களின் சம்பளத்தை மாதக்கணக்கில் இழுத்தடிக்கிற விசுவாசிகள் இல்லையா? கல்யாணம் பேசும்போது எத்தனை பவுன், எவ்வளவு ரொக்கம் என்று கேட்டு, பேரம் படிந்ததும் ஜெபம் பண்ணி முடிக்கிறோமே! பிறனுக்குள்ள யாதொன்றையும் இச்சியாதே என்பது பத்தாம் கட்டளை. தேசத்தின் சட்டமும் 1961லிருந்து வரதட்சணையைத் தடுக்கிறது. இரண்டு சட்டமும் நம்மைத் தொடவில்லை, ஏனென்றால் நாம் கிருபைக்குள் இருக்கிறோமாம். சபைக்கு உள்ளேயே சாதி பார்த்து வரன் தேடுகிறவர்களும் இதே பாட்டைத்தான் பாடுகிறார்கள்.

கிருபை உண்மையாய் வந்தால் என்ன ஆகும் என்பதற்கு லூக்கா 19இல் வருகிற எரிகோவின் வரிவசூல்காரன் சகேயு போதும். இயேசு அவனிடம் கணக்குக் கேட்கவில்லை, அநியாயமாய் வாங்கியதைத் திருப்பிக் கொடு என்று கட்டளையிடவும் இல்லை. உன் வீட்டில் தங்க வேண்டும் என்றார், அவ்வளவுதான். தானாக அறிக்கையிட்டுத் திருப்பிக் கொடுக்கிறவன் முதலோடு ஐந்தில் ஒரு பங்கு சேர்த்துக் கொடுத்தால் போதும் என்பது லேவியராகமம் 6. ஆட்டைத் திருடி விற்றவனுக்குத்தான் நாலத்தனை, அதாவது நாலு மடங்கு, என்பது யாத்திராகமம் 22. சகேயு ஐந்தில் ஒன்றோடு நிற்கவில்லை, நாலத்தனையாகத் திருப்புகிறேன் என்றான். சொத்தில் பாதியை ஏழைகளுக்கு என்றான். கிருபை அவனைச் சட்டத்துக்கு அந்தப்பக்கம் தாண்டவைத்தது, சட்டத்துக்குக் கீழே நழுவவிடவில்லை. நியாயப்பிரமாணத்தை இருதயத்திலே எழுதுவேன் என்று எரேமியா 31இல் சொன்னது இப்படித்தான் நிறைவேறுகிறது.

அந்தத் தம்பி கடைசியாகக் கேட்டது நல்ல கேள்வி. "அப்போ விழுந்துட்டா, அண்ணே? கட்டளையை மீறிட்டா நான் வெளியே போயிடுவேனா?" போகமாட்டாய் தம்பி. நீங்கள் பாவஞ்செய்யாதபடிக்கு எழுதுகிறேன், ஒருவன் பாவஞ்செய்தால் பரிந்துபேசுகிறவர் நமக்கு இருக்கிறார் என்று யோவான் இரண்டையும் ஒரே வசனத்தில் எழுதியிருக்கிறார். நீ எழும்பி வா. ஆனால் வரும் வழியில் யாருடைய பணமாவது உன் கையில் இருந்தால் கொடுத்துவிட்டு வா.

இந்த சீசனில் பேசப்போகிற ஊழியக்காரர்கள் யாராவது இதை வாசித்தால் ஒரு வேண்டுகோள். ஒரே ஒரு ராத்திரி, லேவியராகமம் 19ஐ முழுக்க, ஒரு வசனமும் விடாமல், மைக்கில் நிதானமாக வாசியுங்கள். பந்தலில் கடைக்காரரும் இருப்பார், அந்த அக்காவும் இருப்பார்.